பத்தியமும் பழக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரியின்போது வேளிமலைக் குமாரசுவாமி பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து ஆரியசாலை தேவி கோயிலில் எழுந்தருள்கிறார். 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அது. ஊர்வலம் அதை ஒரே மூச்சில் கடப்பதில்லை. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் நகருக்குள் நுழைகிறது. ஊர் விட்டு ஊர் நடந்தே சென்ற ஒரு காலத்தின் நினைவு அந்த ஊர்வலத்தில் எஞ்சியிருக்கிறது.

ஆரியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெரு தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அங்கேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், அத்தெருவின் மனிதர்களையே தம் 'கடைத்தெருக் கதைக'ளில் எழுதினார். சுமை தூக்குவோரும் சில்லறை வணிகரும் அன்றாடங்காய்ச்சிகளும் நிறைந்த உலகம் அது. அவ்வுலகில் உடல் எடை ஒரு கவலையாக இருந்ததில்லை. வயிறு நிறைவதே கவலையாக இருந்தது. பசி இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் அதன் அருகிலேயே வேறொரு சிக்கல் வந்து அமர்ந்துவிட்டது. கடையில் அமர்ந்திருப்பவர், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர், நூலகத்தில் அமர்ந்திருப்பவர் என்று அமர்ந்திருப்போரின் தொகை பெருகிவிட்டது. சுமை தூக்கியவரின் தட்டில் இருந்த சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினரும் ஆண்களில் 36.4 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். தமிழ்நாட்டில் இது பெண்களிடையே 40.4 விழுக்காடு, ஆண்களிடையே 37 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு மிகுந்த மாநிலங்களின் வரிசையில் கோவா, புதுச்சேரி ஆகியவற்றை அடுத்துக் கேரளத்தை வைத்தது. வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இங்கு நீரிழிவு உண்டு. ஆகவே எடைக் குறைப்பை வெறும் அழகுணர்ச்சியின் பாற்பட்ட செய்தியாக ஒதுக்கிவிட இயலாது.

தென்னிந்திய உடலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மேலைநாட்டு அளவுகோலில் ஒல்லி எனத் தோன்றும் உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின் என்னும் இரு மருத்துவர்கள் 2004இல் தம் படத்தையே ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யாக்னிக்கிற்கு 21.2 விழுக்காடு, யூட்கினுக்கு 9.1 விழுக்காடு. இந்தியர்க்கு 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லைக்குள் இருக்கவேண்டும் என்றும் மருத்துவ உலகம் வகுத்திருப்பதன் காரணம் இதுவே. எடைக்கருவி சொல்வதைவிட இடுப்பு நாடா சொல்வது இங்குப் பல வேளைகளில் உண்மைக்கு நெருக்கமானது.

சிக்கல் இவ்வாறு இருக்க, அதை எதிர்கொள்ளும் முறையில் ஒரு பண்பாட்டுப் பழக்கம் குறுக்கிடுகிறது. தமிழ்ச் சமூகத்துக்கு உணவுக் கட்டுப்பாடு புதிதன்று. பத்தியமும் விரதமும் அதற்கு நன்கு பழக்கமானவை. மருந்துண்ணும் காலத்தில் புளியும் உப்பும் தள்ளிவைப்பது பத்தியம். ஒரு மண்டலம் கடந்ததும் பத்தியம் முறியும். விரதம் பாரணையில் முடியும். இரண்டிலும் பொதுவாக இருப்பது முடிவு நாள். அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பதனாலேயே கடுமையைத் தாங்க முடிகிறது. நோய்க்கும் நோன்புக்கும் அது பொருத்தமான முறைதான்.

எடைக் குறைப்பையும் இதே சட்டகத்துக்குள் வைத்துப் பார்ப்பதே பிழை. திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு, பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, புத்தாண்டின் முதல் நாள் என்று தொடங்கப்பெறும் கடும் உணவுக் கட்டுப்பாடுகள் யாவும் பத்தியங்களே. சோறு முற்றாக நிறுத்தப்படுகிறது, இரவுணவு நீக்கப்படுகிறது, பொட்டலத்தில் வரும் மாவைக் கரைத்துக் குடிப்பது உணவாகிறது. சில கிலோ குறைந்ததும், அல்லது குறித்த நாள் வந்ததும், பத்தியம் முறிகிறது. பழைய தட்டு திரும்பி வரும்போது பழைய எடையும் உடன் வருகிறது. பிறகு அம்மனிதர் தம்மையே மன உறுதியற்றவர் என்று பழித்துக்கொள்கிறார்.

அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது. எடை வேகமாக இறங்குவதை உடல் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. மெல்போர்ன் நகரில் 50 பேருக்கு 10 வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவளித்து நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும், அடக்கும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று தெரியவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்த கெவின் ஹாலின் குழு, அவர்கள் இழந்த எடையில் பெரும்பகுதி மீண்டுவிட்டதையும், ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிடும் ஆற்றல் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்ததையும் 2016இல் பதிவுசெய்தது. மன உறுதியை மட்டும் நம்பி இத்தகைய உடலியல் எதிர்ப்பை ஆண்டுக்கணக்கில் வெல்வது அரிது.

'ஆகவே மெதுவாகக் குறைத்தால் எடை திரும்ப ஏறாது' என்ற முடிவுக்குத் தாவுவதும் எளிது. அறிவுரைக் கட்டுரைகள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அதையும் ஆய்வுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. மெல்போர்னிலேயே 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 12 வாரங்களிலும் மறு பிரிவினருக்கு 36 வாரங்களிலும் எடையைக் குறைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில் இரு பிரிவினரும் இழந்த எடையில் சற்றேறக்குறைய 71 விழுக்காட்டை ஒரே அளவில் மீட்டுக்கொண்டனர். வேகமும் மெதுவும் முடிவில் வேறுபடவில்லை.

கல்விப்புலத்தார் இந்த முடிவை மறைத்துவிட்டுப் படிப்படியான மாற்றத்தைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. இம்முடிவு உணர்த்துவது வேறு. 36 வாரப் பத்தியமும் பத்தியமே. அதற்கும் ஒரு முடிவு நாள் இருந்தது. படிப்படியான மாற்றத்தின் வலிமை, எடை மெதுவாக இறங்குவதில் இல்லை; செய்யும் மாற்றம் ஒவ்வொன்றும் நிறுத்த வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குச் சிறியதாக இருப்பதில் உள்ளது. அண்மையில் இந்தியச் சந்தைக்கு வந்துள்ள எடைக்குறைப்பு ஊசிகளும் இதையே வேறு வழியில் மெய்ப்பிக்கின்றன. செமக்ளூடைட் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டதை 2022இல் வெளியான தொடராய்வு காட்டியது. மருத்துவத் தேவை உள்ளோர்க்கு அம்மருந்து பெரும் பயன் தரலாம். எனினும் எதை நிறுத்தினாலும் அதன் பயனும் நின்றுபோகும் என்ற விதியிலிருந்து அதுவும் தப்பவில்லை.

இங்கே சென்னையில் நடந்த ஓர் ஆய்வை நினைவுகூர்வது தகும். மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்குக் கூறப்பட்ட அறிவுரை மிக எளியது: சர்க்கரையைத் தவிர்க்கவும், தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்து மிகுந்த உணவைச் சேர்க்கவும், உடலுழைப்பு இல்லாதவர் நாளும் 30 நிமிடம் விரைந்து நடக்கவும். மூன்றாண்டுகளில், அறிவுரை பெறாத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. அறிவுரை பெற்ற பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. வியப்பு என்னவெனில், இப்பயன் கிடைத்தபோது அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடைக்கருவியை மட்டும் பார்த்திருந்தால், 'பயனில்லை' என்று அவர்கள் பாதியிலேயே நிறுத்தியிருப்பர். எடை, தொடங்கிய மாற்றத்தின் பல விளைவுகளுள் ஒன்று மட்டுமே. அதுவே ஒரே சான்றாகும்போது மாற்றம் கைவிடப்படும் வாய்ப்பு பெருகுகிறது.

இதைவிட ஆரியசாலைக்கு நெருக்கமான சான்று, திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம். இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய அத்திட்டத்தில், மாவட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1,007 பேர் பங்கேற்றனர். பாதிப் பகுதிகளுக்கு அறிவுரைக் கையேடு மட்டும் வழங்கப்பட்டது. மறுபாதியில் அக்கம்பக்கத்தார் குழுக்களாக ஓராண்டில் 15 முறை கூடினர். அவற்றில் 12 கூட்டங்களை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற, அதே பகுதியைச் சேர்ந்த, தம்மைப் போன்றே நோய் வரும் வாய்ப்புடைய உறுப்பினர்கள்.

2018இல் வெளியான முடிவு சற்றே ஏமாற்றம் அளிப்பது. இரண்டாண்டு இறுதியில் கையேடு மட்டும் பெற்ற பகுதிகளில் 17.1 விழுக்காட்டினருக்கும், குழுக்களாகக் கூடிய பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. இதைத் தோல்வி என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குச் செல்வது எளிது. ஆனால் அதே ஆய்வில், குழுவாகக் கூடியோரிடையே காய்கனி உண்ணும் வழக்கம் உயர்ந்தது. மது அருந்துவோரிடையே அருந்தும் அளவு குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் உடல் திறன் மேம்பட்டது. இதற்கு ஆளொன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழ 22.5 அமெரிக்க டாலர். உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் ஓரிரு மாதங்களுக்குச் செலுத்தும் கட்டணத்துக்குள், அக்கம்பக்கத்தார் சேர்ந்து தம் தட்டையும் குவளையையும் மாற்றிக்கொண்டனர். பெரிய வெற்றி என்று இதைக் கொண்டாட இயலாது. ஆயினும், சிறிய மாற்றம் நிலைபெறத் துணை வேண்டும் என்ற உண்மைக்கு இது நல்ல சான்று.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் தொடங்கும் முறை தெளிவாகிறது. முதல் இரு வாரங்கள் எதையும் மாற்றாமல், உண்பதையும் நடப்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாலே போதும். எங்கே மிகை இருக்கிறது என்பது அதில் தானாகவே தெரியும். பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது தேநீர்தான். நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரு கரண்டி சர்க்கரை என்றால், 35 முதல் 40 கிராம் சர்க்கரை உடலுக்குள் செல்கிறது. நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரு கரண்டியை ஒன்றரையாகவும், சில வாரங்களில் ஒன்றாகவும் குறைத்தால் நாக்கு எதிர்ப்பதில்லை. தேநீருடன் வரும் பழம்பொரியும் வடையும் நாள்தோறும் என்பதிலிருந்து வாரம் இருமுறை என்றாகலாம். அவற்றை என்றென்றைக்கும் துறப்பதாகச் சூளுரைக்க வேண்டியதில்லை. துறவு முறியும், அளவு நிலைக்கும்.

அடுத்தது தட்டு. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு காட்டியது. சோற்றைப் பகைக்க வேண்டியதில்லை. சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அவ்விடத்தைத் தோரனும் சிறுபயறும் கடலையும் மீனும் மோரும் நிரப்பினால் போதும். புட்டுடன் கடலைக்கறி, கஞ்சியுடன் பயறு என்று இந்த மண்ணின் சமையலிலேயே அந்த இணைகள் உள்ளன. காலப்போக்கில் புட்டும் கஞ்சியும் பெருகி, கடலையும் பயறும் ஓரத்துக்கு ஒதுங்கின. விகிதத்தைத் திருப்புவதே செய்ய வேண்டியது. அயல்நாட்டு விதைகளையும் பெயர் தெரியாத கீரைகளையும் அதிக விலைக்கு வாங்கத் தேவையில்லை. தேவையான அனைத்தும் சாலைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

நடையைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். 30 நிமிட விரைநடை, 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 130 முதல் 150 கலோரியைத்தான் செலவிடும். ஒரு பரோட்டா அதை விழுங்கிவிடும். ஆகவே நடை மட்டுமே எடையைக் கரைத்துவிடும் என்று எண்ணித் தொடங்குவோர் விரைவில் சோர்வடைவர். நடையின் பெரும்பயன், குறைந்த எடையைத் தக்கவைப்பதிலும், தசையைக் காப்பதிலும், இரத்தச் சர்க்கரையைச் சீராக்குவதிலும் உள்ளது. வாரம் 150 நிமிடம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை முதல் நாளே எட்டவேண்டியதில்லை. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அந்நிறுவனமே 2020இல் நீக்கிவிட்டது. உணவுக்குப் பின் பத்து நிமிடம், ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாக இறங்குதல், மாடிப்படி என்று சிதறிக் கிடப்பதும் நடையே. சில வாரங்களுக்குப் பின், வாரம் இருநாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் கூடி நாளொன்றுக்கு 250 முதல் 300 கலோரி குறைந்தால், தொடக்க மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ இறங்கும். பின்னர் அந்த வேகமும் தளரும். விளம்பரங்களின் மொழியில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் தம் எடையில் 5 விழுக்காட்டை, அதாவது மூன்றரைக் கிலோவைக் குறைத்து நிலைநிறுத்தினாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் மேம்படத் தொடங்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. கருவுற்றோர், நீரிழிவுக்கு மருந்துண்போர், உணவு குறித்த மனக்கோளாறால் துன்புறுவோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே இத்தகைய மாற்றத்தில் இறங்கவேண்டும்.

இனி ஒரு தடை. எல்லாவற்றையும் தனிமனிதர் கையில் ஒப்படைத்துவிடுவது நியாயமா? அதிகாலையில் எழுந்து வீட்டாருக்குச் சமைத்து, வேலைக்குச் சென்று, இரவில் மீண்டும் சமைக்கும் பெண்ணிடம் 'நாளும் அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்' என்பது அறிவுரையா, ஏளனமா? இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றும், ஆண்களைவிடப் பெண்களிடையே அக்குறை மிகுதி என்றும் 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறியது. அதைச் சோம்பல் என்று விளக்குவோர் நேரத்தின் அரசியலை அறியாதவர்கள். சரக்கு வண்டிகளும் இருசக்கர வாகனங்களும் நெருக்கும் கடைத்தெருவில், நடைபாதையே இல்லாத இடத்தில், மழைக்காலத்தில் ஒரு முதியவர் எங்கே நடப்பார்?

இத்தடை வலுவானது. அதனாலேயே பெருந்திட்டங்களைவிடச் சிறு மாற்றங்களும், தனித்த முயற்சியைவிடக் கூட்டு முயற்சியும் பொருத்தமாகின்றன. பெண்ணின் அரைமணி நேரம் கிடைக்க, வீட்டின் ஆண்கள் அடுக்களையில் அரைமணி நேரம் நிற்கவேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது பத்தியம். வீடு முழுவதற்கும் தட்டின் விகிதம் மாறுவது பழக்கம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களும், ஊர்தோறும் உள்ள வாசகசாலைகளும், குடியிருப்போர் சங்கங்களும் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. திருவனந்தபுரம் ஆய்வில் கூடியதைப் போன்ற குழுக்கள் கூடுவதற்கு ஆரியசாலையில் புதிய கட்டடம் தேவையில்லை. நடைபாதையோ நகராட்சியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவதும் அக்குழுக்களின் வேலையாகலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆய்வு மாணவரின் நாள் நாற்காலியில் கழிகிறது. விடுதி உணவு மாவுச்சத்தால் நிறைந்தது. தேநீரே ஆய்வின் எரிபொருள். ஐந்தாண்டில் ஆய்வேட்டுடன் சேர்ந்து இடுப்பும் பெருக்கிறது. விடுதிச் சமையலில் பயறும் காயும் ஒரு கரண்டி கூடுவதும், சிற்றுண்டிச்சாலையில் சர்க்கரை தனியே வைக்கப்படுவதும், கருத்தரங்கின் இரண்டாம் அமர்வுக்கு முன் பத்து நிமிட நடை அறிவிக்கப்படுவதும் எந்த நிதிநல்கையையும் கோருவன அல்ல. பருத்த உடலைக் கேலி செய்யும் வகுப்பறை நகைச்சுவையை நிறுத்துவதற்கும் செலவில்லை. வெட்கம் எவரையும் மெலியச் செய்வதில்லை. ஒளிந்து உண்ணவே செய்கிறது.

ஆகவே ஒரு மாற்றத்தைத் தொடங்க எண்ணுபவர், 'இதனால் எத்தனை கிலோ குறையும்?' என்று கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: 'ஐந்தாண்டுக்குப் பின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையன்றும் இதைச் செய்துகொண்டிருக்க முடியுமா?' முடியாது என்று தோன்றினால், அம்மாற்றம் எவ்வளவு சிறந்ததாக இருப்பினும் பெரிது. அதைப் பாதியாக்கித் தொடங்கலாம். பாதியும் கடினமெனில் கால் பங்கு. அண்டை வீட்டார் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டால், அந்தக் கால் பங்கு அடுத்த ஆண்டும் இருக்கும்.